எமெரி தேய்த்த பிராக்கெட்டுகள்: கோவைத் தகட்டுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைக்குக் கிழக்கே, அவினாசி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தகட்டு வேலைப் பட்டறையில் நடந்தது இது. பட்டறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தரப்படவில்லை. விசாரணைக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்ட தர ஆலோசகர் என்ற முறையில் நான் உடன் இருந்தேன்.

பட்டறை பழையது. நூற்பாலை எந்திரங்களுக்கு மூடிகள், பம்புசெட்டு மோட்டார்களுக்கு பேனல் பெட்டிகள் என்று வளர்ந்தது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டு, சென்னை, ஓசூர், திருச்சியோடு கோவையும் சேலமும் அதன் மையங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு, இங்குள்ள பல முதலாளிகளைப் போல இவரும் விமானத்துறைப் பக்கம் திரும்பினார். ஏ.எஸ். 9100 தரச்சான்று வாங்கி, பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சிறு பிராக்கெட்டுகள் செய்து கொடுக்கத் தொடங்கினார். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் அடிக்கடி தலைக்கு மேலே போகும். அதற்கும் இந்தப் பட்டறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் வேலை கேட்டு வரும் பையன்கள் பலரும் சம்பந்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் ஒரு ஃபேப்ரிகேட்டர். ஐம்பதை நெருங்கும் வயது. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் படித்துவிட்டுக் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் நெடுங்காலம் இருந்தவர். கரூர் பாடி வேலையில் டிராயிங் என்பது பாதிதான், மீதி ஆளின் கையில் இருக்கிறது. சேஸிஸ் கொஞ்சம் கோணலாக வந்தாலும் தகட்டைத் தட்டி, இழுத்து, தேய்த்துப் பொருத்திவிடுபவர்தான் அங்கே நல்ல ஆள். அப்படி நல்ல ஆளென்று பெயர் வாங்கியவர் இவர். பட்டறையில் பிரஸ் பிரேக்கில் மடிப்பு போடும் வேலைக்கு இவரை விட்டால் ஆள் இல்லை.

வேலை என்ன

மின்கம்பிக் கட்டுகளைத் தாங்கும், இரண்டு மடிப்புள்ள, இசட் வடிவப் பிராக்கெட். 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை, டி3 என்ற பதம், 1.27 மி.மீ. தடிமன். மடிப்பின் உள் ஆரம் 4.8 மி.மீ.

பேனல் பெட்டிக்குப் போடும் அலுமினியத்தோடு இதை ஒன்றாக நினைக்கக்கூடாது. 2024 கலவையில் செம்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வலுவைத் தருவதும் செம்புதான், அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதுதான். அதனால் ஷீட்டின் இரண்டு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தி உருட்டுகிறார்கள். ஆல்கிளாட் என்று சொல்வது அதைத்தான். இந்தத் தடிமனில் ஒரு பக்கத் தோல் மொத்தத்தில் 5 சதவீதம், அதாவது சுமார் 0.06 மி.மீ. விரிசல் விட்டால் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத கலவையும்கூட. வழக்கமான ஆர்க் வெல்டிங்கில் இது விரிசல் விட்டுவிடும். விமானத்தில் இந்தக் கலவையைப் பெரும்பாலும் ரிவெட் அடித்தே சேர்க்கிறார்கள்.

இன்னொன்று, உருட்டிய திசை. ஆலையில் உருளைகளுக்கு நடுவே இழுபடும்போது உலோகத்தின் குறுமணிகள் இழுத்த பக்கமாக நீண்டுவிடுகின்றன. மடிப்புக் கோடு அந்த நீட்டத்துக்குக் குறுக்கே விழுந்தால் தகடு தாங்கும். இணையாக விழுந்தால் மடிப்பின் வெளிப்புறம் மணிகளுக்கு நடுவே பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். மூங்கில் நீளவாக்கில் லேசாகப் பிளந்துகொள்வதைப் போலத்தான். சாதாரண அலுமினிய வேலையில் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 2024-டி3-இல் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

டிராயிங்கில் இதற்கென்று ஓர் அம்புக்குறி இருந்தது.

முதலில் தென்பட்டது

முதல் சில லாட்டுகள், அதாவது ஒன்றாகச் செய்து அனுப்பும் தொகுதிகள், சிக்கலில்லாமல் போயின. முதலில் செய்த பீஸை டிராயிங்கோடு முழுதாக ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் பொருள் ஆய்வு முறைப்படி நடந்து வாடிக்கையாளரின் ஒப்புதலும் கிடைத்திருந்தது.

பிறகு புதிதாக வந்த ஒரு லாட்டில், சில பிராக்கெட்டுகளை மடித்தபோது வெளி வளைவு சொரசொரவென்று இருந்ததை ஃபேப்ரிகேட்டர் கவனித்தார். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, கட்டைவிரலை ஓட்டினால்தான் தெரிந்தது. எல்லாப் பீஸிலும் இல்லை. அடுத்தடுத்து மடித்த இரண்டில் ஒன்று வழவழப்பாக வந்தது, மற்றொன்று மணல் பட்டதுபோல வந்தது. அவர் சூப்பர்வைசரிடம் சொன்னார். வயதில் மிகவும் இளையவரான சூப்பர்வைசர் நடந்ததை நடந்தபடியே பின்னர் விசாரணையில் ஒப்பித்தார்:

"ஏனுங் தம்பி, இந்தத் தடவ ஷீட்டு முரண்டு புடிக்குதுங்க. செலது நல்லா மடங்குது, செலது வெளிய சொரசொரங்குது."

"சைஸ் வருதுங்களாண்ணா?"

"சைஸெல்லாம் வருதுங்க."

"அப்புறமென்னங்ண்ணா, ஓட்டுங்க. வெள்ளிக்கெழம டிஸ்பேட்ச் இருக்குது."

அவ்வளவுதான் பேச்சு. பொருளோடு கூடவே போகும் பதிவுத் தாளான ரூட் கார்டில் மடிப்புக் கோணம், ஃபிளேஞ்ச் (மடித்த விளிம்பு) உயரம், துளைகளின் இடம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. வெளி வளைவின் தோற்றத்துக்கு இருந்தது ஒரே கட்டம், அதில் 'ஓகே' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கையொப்பம் மட்டும் போட்டால் போதும். இப்படி அச்சடித்த 'ஓகே'யை நான் வேறு பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன். அதைவிட அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது நாணயமாக இருக்கும்.

எமெரி

சொரசொரப்பான பீஸ்களை அவர் தனியாக எடுத்துவைத்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் நைஸ் எமெரி பேப்பரால் வெளி வளைவைத் தேய்த்தார், பிறகு நார்ப்பட்டையால் மெருகேற்றினார். எல்லாம் ஒரே மாதிரி மின்னின. யாரிடமும் மறைத்துச் செய்த வேலை இல்லை, மேஜையில் எல்லோரும் பார்க்கத்தான் செய்தார். பேனல் பெட்டி வேலையில் அதைப் பார்த்து மேஸ்திரி மெச்சியிருப்பார்.

இந்த வேலையில் அந்தத் தேய்ப்பு மூன்று கேடுகளைச் செய்தது. 0.06 மி.மீ. தோல் சில இடங்களில் முழுக்கப் போய், உள்ளே இருந்த செம்புக் கலவை வெளியே தெரிந்தது. இழுவிசை அதிகம் விழும் வெளி வளைவில், மடிப்புக் கோட்டின் போக்கிலேயே நுண்ணிய கீறல்கள் விழுந்தன. மூன்றாவதுதான் மோசம். அலுமினியம் மென்மையானது. தேய்க்கும்போது மேற்பரப்பு இழுபட்டு, இருக்கிற விரிசல்களின் வாயை மூடிவிடும். விரிசல் அங்கேயே இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் சோதனை மட்டும் குருடாகிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. மின்னும் சாயம் தடவிப் புற ஊதா விளக்கில் பார்க்கும் பெனிட்ரன்ட் சோதனைக்கு பிராக்கெட்டுகள் பெங்களூரில் ஒரு லேபுக்குப் போகும். சாயம் விரிசலுக்குள் இறங்கினால்தான் கோடு ஒளிரும். வாய் மூடியிருந்ததால் இறங்கவில்லை. அந்த லாட் தேறிவிட்டது. வாடிக்கையாளருக்கும் போய்ச் சேர்ந்தது.

வெளிச்சத்துக்கு வந்தது

அடுத்த லாட்டில், சாயம் தடவுவதற்கு முன் சாதாரண வெளிச்சத்தில் பீஸ்களைப் பார்த்த லேப் பரிசோதகர் வளைவில் எமெரிக் கோடுகளைக் கண்டார். பட்டறைக்கு ஃபோன் செய்து கேட்டது ஒரே கேள்வி: மடித்த பிறகு இதன் மேல் ஏதாவது தேய்ப்பு வேலை நடந்ததா? ரூட் கார்டில் அப்படி எதுவும் இல்லை. தேய்த்த பரப்பு என்றால் முதலில் அமிலத்தில் லேசாக அரித்து, இழுபட்ட மேல்தோலை நீக்கிவிட்டுத்தான் சாயம் தடவ வேண்டும். பட்டறைத் தர மேலாளரின் ஒப்புதலோடு சில பீஸ்களைப் பரிசோதகர் அப்படிச் செய்து பார்த்தார். விளக்கின் கீழ் மடிப்புக் கோட்டோடு சின்னச் சின்னக் கோடுகள் ஒளிர்ந்தன.

இந்த நிகழ்வில் ஒருவரைப் பாராட்டுவதென்றால் அந்தப் பரிசோதகரைத்தான் பாராட்ட வேண்டும். அவரிடம் இருந்த தாளில் எல்லாமே சரியாக இருந்தது. தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பீஸைப் பார்த்தார்.

அன்றைய முடிவுகள்

செய்தி வந்ததும் தர மேலாளர் எடுத்த முடிவு அந்தப் பிராக்கெட் சம்பந்தமான எதுவும் நகரக்கூடாது என்பது. மடிப்பதற்காக வெட்டி வைத்த தகட்டுத் துண்டுகளான பிளாங்க்குகள், மடித்தது, பெயின்ட் அடித்தது, மிச்ச ஷீட் எல்லாம் சிவப்புச் சீட்டு கட்டி கம்பிவலைக்குள் போய்ப் பூட்டப்பட்டன. சாவி அவரிடம் இருந்தது. வேலை நிற்பதால் ஆகும் நஷ்டத்தை அன்றே கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

முதலாளியின் முதல் எண்ணம் ஃபேப்ரிகேட்டரை வேலையை விட்டு நிறுத்துவது. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் 'தொழிலாளியின் தவறு, நடவடிக்கை எடுத்தாயிற்று' என்று ஒரு வரி போட்டுவிட்டால் காரியம் சுலபம். நான் அதை ஏற்கவில்லை. எமெரி போட்டது அவர் கைதான், அதில் ஐயமில்லை. ஆனால் தேய்க்கும்முன்பே தகடு சொரசொரத்திருக்கிறது. தகடு ஏன் சொரசொரத்தது என்பதற்கு அவரை நிறுத்துவது விடை ஆகாது. தவிர, எந்தப் பீஸ் எப்படி மடங்கியது என்று சொல்லக்கூடியவர் பட்டறையில் அவர் ஒருவர்தான். முதலாளி ஓர் இரவு யோசித்துவிட்டு, விசாரணை முடியும்வரை யார் மீதும் நடவடிக்கை வேண்டாம் என்றார்.

விசாரணை

மூன்று சந்தேகங்கள் எழுந்தன.

முதல் சந்தேகம் தகட்டை அழுத்தி மடிக்கும் பஞ்ச் மீது. முனை தேய்ந்து ஆரம் குறைந்திருந்தால் மடிப்பு கூர்மையாகி விரிசல் விடலாம். ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்த்ததில் பஞ்ச் சரியாகவே இருந்தது.

இரண்டாவது சந்தேகம் ஷீட் மீது. கலப்படமோ பதம் மாறியதோ? ஆலைச் சான்றிதழிலும் ஷீட்டிலும் ஹீட் நம்பர், அதாவது உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்ற எண், ஒன்றாகவே இருந்தது. மின்கடத்துதிறன் அளந்தபோது 2024-டி3-க்கு உரிய, செம்பின் கடத்துதிறனில் 28.5 முதல் 32.5 சதவீதம் என்ற வரம்புக்குள் நின்றது. கடினத்தன்மையும் பொருந்தியது. ஷீட்டில் குறை இல்லை.

மூன்றாவது, உருட்டிய திசை. இதைத்தான் உறுதிசெய்ய முடியாமல் இருந்தது. ஆலையில் ஷீட் மேல் கலவை எண், பதம், தடிமன் ஆகியவற்றை மையால் வரிவரியாக அச்சடித்திருப்பார்கள். அந்த வரிகள் உருட்டிய திசையிலேயே ஓடும். ஆனால் பிளாங்க்கில் பிசிறு எடுத்த கையோடு சால்வென்ட் போட்டு மையைத் துடைத்துவிடுவது பட்டறை வழக்கம். மடித்த பிராக்கெட்டில் எழுத்து ஒன்றும் மிச்சமில்லை.

ஃபேப்ரிகேட்டர்தான் வழி சொன்னார். "கழிவுத் தொட்டியில பாருங்க. ரௌட்டர் வெட்டுன ஷீட்டோட கூடு அங்கதான் கெடக்கும்." பிளாங்க்குகளை எடுத்த பிறகு சல்லடைபோல மிஞ்சும் ஷீட்டைத்தான் கூடு என்றார். பழைய இரும்புக்காரர் இன்னும் வந்து எடுக்காதது நல்லதாகப் போயிற்று. அதில் மை வரிகள் அப்படியே இருந்தன. நடுவில் இருந்த ஓட்டைகள் எல்லாம் ஒரு பக்கமாக நின்றன. ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் 90 டிகிரி திரும்பியிருந்தது.

அங்கிருந்து பின்னோக்கிப் போவது சுலபமாக இருந்தது. புரோகிராம் போட்டுவந்த பழைய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த இளைஞர் கெட்டிக்காரர். இறக்குமதி ஷீட், விலை அதிகம், ஓரத்தில் நீளமாக ஒரு துண்டு வீணாகிறது என்று பார்த்து, சில பிளாங்க்குகளைத் திருப்பிப் போட்டு அந்த இடத்தை நிரப்பினார். முதலாளி அதற்கு அவரைப் பாராட்டியும் இருக்கிறார். அம்புக்குறி இருந்த டிராயிங் தர மேலாளரின் கோப்பில் இருந்தது. வெட்டுவதற்குப் புரோகிராமருக்குப் போனது டி.எக்ஸ்.எஃப். கோப்பு. அதில் வெட்டுக்கோடுகள் மட்டும்தான் இருக்கும், குறிப்புகள், அம்புகள் எல்லாம் நீக்கப்பட்டிருக்கும். அந்த இளைஞர் அம்பைப் பார்த்ததே இல்லை.

உறுதிப்படுத்த, அதே ஷீட்டிலிருந்து பட்டைகள் வெட்டி, குறுக்கே சிலவும் இணையாகச் சிலவும் அதே பஞ்ச்சில் மடித்தோம். குறுக்கே மடித்தவை 10 மடங்கு லென்ஸிலும் சுத்தமாக இருந்தன. இணையாக மடித்தவற்றில் சொரசொரப்பும், சிலவற்றில் விரிசலும் தெரிந்தன. மடிக்கும்போதே ஃபேப்ரிகேட்டர் பார்க்காமல் விரலால் தடவி எது எந்தத் திசை என்று சொல்லிக்கொண்டே வந்தார். லென்ஸில் பார்த்த முடிவும் அதுவேதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பட்டறையில் இந்தக் குறையை முதலில் கண்டது அவருடைய விரல். அதை ஏற்றுக்கொள்ள ஒரு தாளோ கட்டமோ இல்லை. வாயால் சொன்னார், 'ஓட்டுங்க' என்ற பதில் வந்தது. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்தார். "கரூர்ல தகடு கீறல் விட்டா பத்த வெச்சு, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சிருவமுங்க. இங்க தேச்சா தப்புன்னு யாருஞ் சொல்லலீங்க" என்றார் விசாரணையில். பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினோம். அவருக்குப் பிரஸ் பிரேக் பாதுகாப்பும், உதிரிப் பொருள் ஒழுங்கும், கருவிப் பலகையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆல்கிளாட் தோலைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாடிக்கையாளரிடம் சொன்னது

ஏற்கெனவே அனுப்பிவிட்ட லாட்டைப் பற்றி உடனே சொல்வதா, விசாரணை முடிந்த பிறகு சொல்வதா என்று ஒரு வாதம் நடந்தது. தரநெறியில் இதற்கு இடமே இல்லை. குறையுள்ள பொருள் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் வாடிக்கையாளருக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். காரணம் பின்னால் வரட்டும், ஹீட் நம்பரும் லாட் நம்பரும் எண்ணிக்கையும் முதலில் போகட்டும் என்று கடிதம் மறுநாளே அனுப்பப்பட்டது.

திரும்பிய திசையில் வெட்டிய பீஸ்களை மட்டும் பிரித்தெடுத்து மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்று பட்டறை கேட்டது. வாடிக்கையாளர் மறுத்தார். நியாயம்தான். எந்தப் பிராக்கெட் ஷீட்டின் எந்த மூலையிலிருந்து வந்தது என்பதற்குப் பதிவு இல்லை, எதை எமெரி போட்டார்கள் என்பதற்கும் பதிவு இல்லை. இரண்டு லாட்டும் முழுதாகக் கழிக்கப்பட்டன. வாடிக்கையாளர் கிடங்கில் இருந்தவை திரும்பி வந்தன. சில பிராக்கெட்டுகள் அங்கே அசெம்பிளியில் ஏறியிருந்தன. அவற்றின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துக் கழற்றிய கூலியும் பட்டறையின் தலையில் விழுந்தது. எதுவும் பறக்கவில்லை.

கழித்த பீஸ்களை ஷியரில் இரண்டாக வெட்டித்தான் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தார்கள். முழுசாக வெளியே போன பிராக்கெட் நல்ல பொருளாக மாறி எங்கேயோ திரும்ப வர வாய்ப்பு உண்டு என்பதால் விதியே அப்படி.

அதன் பிறகு

சில மாதங்களுக்கு வாடிக்கையாளரின் ஆள் நேரில் வந்து ஒவ்வொரு பீஸையும் பார்த்த பிறகே லாட் கிளம்பியது. வரவேண்டிய ஒரு புதிய ஆர்டர் தள்ளிப்போனது. பழைய ஆர்டர் நின்றுவிடவில்லை. பட்டறை தானே முன்வந்து சொன்னது அதற்கு உதவியதாக வாடிக்கையாளர் தரப்பில் பின்னர் பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

பட்டறைக்குள் செய்த மாற்றங்களில் சில சின்னவை. பிளாங்க்கில் மையைத் துடைப்பது மடிப்புக்குப் பிறகுதான். மடிப்பவர் எழுத்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெடலை அழுத்துகிறார். காசு செலவில்லாத இந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் உருப்படியானது என்பது என் கருத்து. டி.எக்ஸ்.எஃப். கோப்பில் திசை அம்பு வெட்டாத கோடாகச் சேர்க்கப்பட்டது. வெட்டும் புரோகிராமில் பிளாங்க் அடுக்கும் விதம் மாறினாலும் அது செயல்முறை மாற்றமே, மாறிய பகுதிக்கு மட்டும் முதல் பொருள் ஆய்வு மறுபடி வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஷீட்டை மிச்சப்படுத்தியதற்குப் பாராட்டு வாங்கிய இளைஞருக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். அவரையும் யாரும் குறை சொல்லவில்லை.

பயிற்சி வேறு விதமாக மாறியது. எதை மறுவேலை என்பது, எதைப் பழுதுநீக்கம் என்பது என்ற வித்தியாசத்தைத் தர மேலாளர் எல்லோருக்கும் வகுப்பாக எடுத்தார். டிராயிங் கேட்டபடியே பொருளைக் கொண்டுவருவது மறுவேலை. டிராயிங்குக்கு வராமல், ஆனால் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது பழுதுநீக்கம், அதற்கு வாடிக்கையாளரின் எழுத்துமூல அனுமதி தேவை. எடுத்துக்காட்டாக அவர் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்தைச் சொன்னார். 1978-இல் வால் தரையில் உரசிய போயிங் 747-இன் பின்புற அழுத்தத் தடுப்பைச் சரிசெய்தபோது, ஒரே இணைப்புத் தகடு போட வேண்டிய இடத்தில் அதை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட்டு தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கியது. ஏழு ஆண்டு பறந்தது. 1985 ஆகஸ்ட் 12-இல் தடுப்பு பிளந்து, 520 பேர் இறந்தார்கள். வகுப்பில் அன்று ஃபேப்ரிகேட்டர் கேட்ட கேள்வி, அந்தத் தகட்டை வெட்டியவனுக்கு ஏன் ஒரே தகடு வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தார்களா என்பது. மேலாளரிடம் அதற்குப் பதில் இல்லை.

ஃபேப்ரிகேட்டர் வேலையில் தொடர்கிறார். புதிதாக வரும் பையன்களுக்கு மடிப்பு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் இப்போது அவருடையது. நல்ல பீஸையும் சொரசொரத்த பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்கிறார்.

இன்னும் மாறாதவை

'ஓகே' என்று அச்சடித்த கட்டம் போய், 'கையில் என்ன தெரிந்தது' என்று தமிழில் ஒரு வெற்றுக் கட்டம் வந்திருக்கிறது. அதோடு மஞ்சள் அட்டை ஒன்று. எது சரியில்லை என்று தோன்றினாலும் பீஸின் மேல் அதை வைத்துவிட்டு யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது நான் வற்புறுத்திக் கேட்ட ஒன்று. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் சும்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார்.

நான் கடைசியாகப் பார்த்தபோது மஞ்சள் அட்டைகள் ஓரளவு வந்துகொண்டிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத சந்தேகங்கள், அதில் தப்பில்லை. ஆனால் எல்லாமே பகல் ஷிஃப்டில் வந்தவை. இரவு ஷிஃப்டில் தரப் பிரிவு ஆள் கிடையாது. அட்டை வைத்தால் விடியும்வரை எந்திரம் சும்மா நிற்கும், அதனால் யாரும் வைப்பதில்லை. இரவுக்கும் ஓர் ஆளைப் போடச் சொல்லி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார் முதலாளி.